தண்ணீர் குடித்த ஜாடி

செங்குன்றம் தாண்டிக் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் கொல்கத்தா நெடுஞ்சாலையில், சாலையோரம் மண்பாண்டம் விற்கும் ஓர் அம்மாவிடம் பொங்கல் முடிந்த வாரம் ஒரு பூச்சாடி வாங்கினேன். பானைகள் விற்றுத் தீர்ந்து, மிச்சம் மீதி ஓரமாகக் கிடந்தது. ஜாடி முழங்கால் உயரம். கழுத்தைச் சுற்றி நகத்தால் கிள்ளிய மாதிரி ஒரு வரி, வயிற்றில் ஒரு கொடி. என்னை நிறுத்தியது அதன் நிறம். மிளகாய்ச் சிவப்பும் இல்லை, குங்குமச் சிவப்பும் இல்லை. மழை விட்ட மறுநாள் செம்மண் மேட்டில் வெயில் விழும்போது தெரியுமே, அந்தச் சிவப்பு. மேலே எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு.

"கிளேஸ் போட்டது தம்பி. தண்ணி ஊத்திப் பூ வைக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றிச் சம்பங்கி வைத்தேன். மறுநாள் காலை மேஜையில் வட்டமாக ஓர் ஈரத் தடம். வார்னிஷ் வெளுத்துப் போயிருந்தது. அந்த அம்மா பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் மினுமினுப்பை 'கிளேஸ்' என்றார். நான் அதைக் கண்ணாடிப் பூச்சு என்று எடுத்துக்கொண்டேன். ஒரே சொல்லில் இரண்டு வேறு வேதியியல் ஒளிந்திருந்தது.

அன்று மாலை ஜாடியைக் கவிழ்த்து, பூச்சில்லாத அடிப்பாகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். பத்து எண்ணுவதற்குள் சொட்டைக் காணோம். அந்த இடம் மட்டும் கருத்திருந்தது. பளபளக்கும் வயிற்றில் விட்ட சொட்டு சற்று நேரம் முத்தாக நின்று, பிறகு மெல்லத் தட்டையாகி, அதுவும் உள்ளே போயிற்று. கண்ணாடிப் பூச்சு இருந்தால் சொட்டு காற்றில் உலர்ந்துதான் போக வேண்டும், உள்ளே போக வழியே கிடையாது. அப்படியானால் வெறும் பெயின்டா? இப்போது சாலையோரக் கடைகளில் எனாமல் பெயின்ட் அடித்த ஜாடிகள் ஏராளம். ஊசியால் கீறிப் பார்த்தேன், தோலாக உரியவில்லை. தின்னர் நனைத்த பஞ்சால் தேய்த்தேன், பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. ஆக, இந்தச் சிவப்பு நெருப்புக்குள் போய்த் திரும்பிய சிவப்பு. ஆனால் கண்ணாடி ஆகாத சிவப்பு.

அப்படி ஒன்று இருக்கிறது என்பதற்கு நம் மொழியே சாட்சி. செங்காவி, காவிக்கல், மெருகு, மெழுகுதல் என்று மேற்பரப்பை அழகாக்கும் வேலைக்குத் தமிழில் சொற்கள் நிறைய. மண்ணின்மேல் கண்ணாடியை உருக்கி ஒட்டும் வேலைக்கு மட்டும் ஊரறிந்த சொல் எதுவும் இல்லை. பாடப்புத்தகம் 'மெருகூட்டல்' என்று சமாளிக்கும். சூளைக்காரர் 'கிளேஸ்' என்பார். பீங்கான் என்ற சொல்கூடப் பாரசீகத்திலிருந்து வந்ததுதான். சரக்கோடு சேர்ந்து பெயரும் கப்பலேறி வந்திருக்கிறது.

சிவப்புக்குக் காரணம் இரும்பு. இதைச் சொன்னால் யாரும் வியக்கப் போவதில்லை. ஆனால் இரும்பு எப்போதும் சிவப்பைத் தருவதில்லை என்பதைக் கும்மிடிப்பூண்டிக்குப் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே சிப்காட் தொழிற்பேட்டைக்குள் பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சுமை முழுக்கத் துரு, பழுப்புச் சிவப்பு. உள்ளே அதை உருக்கிக் கட்டிகளாக வார்த்து, கட்டிகளை மீண்டும் 1,100, 1,200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி உருளைகளுக்கு நடுவே விட்டுக் கட்டடக் கம்பியாக இழுக்கிறார்கள். இழுக்கும்போது கட்டியின் மேலிருந்து செதில் செதிலாக ஒன்று உதிரும். ஸ்கேல் என்பார்கள். அதுவும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்தான். ஆனால் நிறம் கறுப்பு.

இரண்டும் இரும்பு ஆக்சைடு, ஒன்று ஏன் சிவப்பு, ஒன்று ஏன் கறுப்பு? பங்கீட்டில் இருக்கிறது விடை. இரும்பும் ஆக்சிஜனும் மூன்று விதமாகக் கூட்டு வைத்துக்கொள்ளும். இரண்டு இரும்புக்கு மூன்று ஆக்சிஜன் கிடைத்தால் ஹெமடைட், அதுதான் சிவப்பு. மூன்று இரும்புக்கு நான்கு என்றால் மேக்னடைட்; கறுப்பு, காந்தத்தில் ஒட்டும். ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கை ஒட்டி வருவது வுஸ்டைட், அதுவும் கறுப்பு. தகிக்கும் இரும்புக் கட்டியின் மேல் காற்று தாராளமாகத்தான் வீசுகிறது. ஆனால் அடியில் இரும்பு அதைவிடத் தாராளம். வந்த ஆக்சிஜனை அத்தனை இரும்பும் பங்குபோட்டுக்கொள்வதால் செதிலின் பெரும்பகுதி வுஸ்டைட்டாகவே நின்றுவிடுகிறது. அதன்மேல் மெல்லிய மேக்னடைட். காற்றைத் தொடும் விளிம்பில் மட்டும் பெயருக்கு ஒரு படலம் ஹெமடைட்.

பானையின் நிலைமை இதற்கு நேர் எதிர். மண்ணில் இரும்பு நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான். சூளைக்குள் காற்று நன்றாக ஓடினால் ஒவ்வொரு இரும்பணுவுக்கும் முழுப் பங்கு ஆக்சிஜன் கிடைத்துவிடும். எல்லாம் ஹெமடைட். அது வெளிச்சத்தில் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் பெயின்டுக்கு முன்னால் பூசும் ரெட் ஆக்சைடு, பழைய வீடுகளின் காவித் தரை, கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் ஓடும் காவிப் பட்டை, என் ஜாடி எல்லாவற்றிலும் இருப்பது இந்த ஒரே பொருள். செங்குன்றத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்த செம்பூரான்கல்லிலும் சிவப்பாக இருப்பது இதுதான்.

நிறத்தின் சாயல் துகளின் பருமனைப் பொறுத்தது. ஹெமடைட் துகள்கள் மிகச் சிறியவையாக, மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்காக இருந்தால் பளிச்சென்ற சிவப்பு. பெரிதாகப் பெரிதாக நிறம் கருஞ்சிவப்பாகி ஊதாப் பக்கம் சாயும். அதனால்தான் அளவுக்கு மீறி வெந்த செங்கல் கத்தரிக்காய்த் தோலை நினைவூட்டும்: அதிகச் சூட்டில் சிறு துகள்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்துவிடுகின்றன. மண்ணில் சுண்ணாம்பு அதிகம் இருந்தால் இன்னொரு வேடிக்கை: உயர்ந்த வெப்பத்தில் சுண்ணாம்பு இரும்பைத் தன் சேர்மங்களுக்குள் இழுத்துப் பூட்டிவிடும், செங்கல் வெளிர் மஞ்சளாக வரும். சூளைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, மண் அப்படி.

இனி அந்த மினுமினுப்பு. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒரு கண்ணாடிக் குடுவையில் செம்மண்ணைக் கரைத்து வையுங்கள். மணல் உடனே அடியில் படியும். அடுத்து வண்டல். களிமண்ணின் மிக நுண்ணிய துகள்கள் மட்டும் மேலே கலங்கலாக நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. தண்ணீரில் ஒரு துகள் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஸ்டோக்ஸ் கண்ட விதி. விட்டம் இருபதில் ஒரு பங்கானால் வேகம் நானூற்றில் ஒரு பங்காகும். 20 மைக்ரான் வண்டல் ஒரு சாண் ஆழத்தைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். 1 மைக்ரான் களிமண் துகளுக்கு அதே ஒரு சாண் இறங்க மூன்று நாள் வேண்டும். ஆகவே காலையில் மண்ணைக் கரைத்து, மாலையில் மேலே நிற்கும் கலங்கலை மட்டும் அலுங்காமல் வேறு பாத்திரத்துக்கு இறுத்துவிட்டால், நுண்துகள் தனியாக வந்துவிடும். சல்லடையால் முடியாத வேலையைப் பொறுமை செய்துவிடுகிறது. கொஞ்சம் சலவைச் சோடா சேர்த்தால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இன்னும் நன்றாக மிதக்கும்.

இந்தக் கலங்கலோடு காவிக்கல்லை அரைத்துச் சேர்த்து, பாதி காய்ந்த பாண்டத்தின்மேல் பூசுவதுதான் செங்காவிப் பூச்சு. பாலாடை கனத்துக்கு மேல் போகாது. பூசியது சற்று இறுகியதும் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். களிமண் துகள் உருண்டை அல்ல, தகடு. பூசியவுடன் தகடுகள் கலைந்த சீட்டுக்கட்டு போலத் தாறுமாறாகக் கிடக்கும், அவற்றில் படும் ஒளி நாலா பக்கமும் சிதறும், பார்வைக்கு மங்கல். கல்லால் அழுத்தித் தேய்க்கத் தேய்க்கத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து அடுக்காகின்றன. ஒளி ஒரே திசையில் திரும்புகிறது. அதுதான் மெருகு. எண்ணெயும் இல்லை, கண்ணாடியும் இல்லை. கலைந்த சீட்டை அடுக்கிய பலன்.

தேய்க்கிற கூழாங்கல்லுக்கு இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. கொசஸ்தலையாற்றுப் படுகையில் குவார்ட்சைட் கற்கள் நிறையக் கிடக்கின்றன. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் தேடிக் கண்ட அதிராம்பாக்கம் கற்கருவிகள் அந்தக் கல்லில் செய்தவை. அவற்றில் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று தொல்லியலாளர் சாந்தி பாப்புவின் குழு 2011இல் காலம் கணித்தது. கல்லை உடைத்துக் கருவி செய்தவர்களுக்கும் அதே கல்லால் பானை தேய்த்தவர்களுக்கும் நடுவில் எவ்வளவு காலம் என்று நினைத்தால் தலை சுற்றும். சரி, அது வேறு கதை.

பாண்டம் சூளைக்குப் போகிறது. ஊர்ச் சூளை என்பது பெரும்பாலும் பாண்டங்களைக் குவித்து, இடையில் விறகும் வரட்டியும் திணித்து, மேலே வைக்கோல் மூடிச் சேறு பூசிய ஒரு குவியல்தான். 100 டிகிரியைத் தாண்டும்வரை மெதுவாகப் போக வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாகிப் பாண்டத்தை வெடிக்க வைத்துவிடும். 250, 300 டிகிரியில் ஒரு மாயம் நடக்கிறது: மண்ணில் மஞ்சளாக இருந்த கோதைட் என்ற இரும்புச் சேர்மம் தன்னுள் இருந்த நீரை இழந்து சிவப்பு ஹெமடைட்டாக மாறுகிறது. மஞ்சள் காவியைச் சட்டியில் வறுத்தால் செங்காவி கிடைப்பது இதனால். 450 முதல் 600 டிகிரிக்குள் களிமண் தகடுகளே தம் கட்டமைப்பில் பிணைந்திருந்த நீரைக் கைவிடுகின்றன. இந்தக் கட்டத்தைத் தாண்டிய மண் மறுபடி தண்ணீரில் கரையாது. அதுவரை அது காய்ந்த சேறு, அதன்பிறகு ஓடு. 573 டிகிரியில் மணல் படிகம் திடீரெனச் சற்று உப்பும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். சூளையை அவசரமாகப் பிரித்தால் பானை விரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பிறகு 700, 800 டிகிரி. அங்கே நிறுத்திவிட வேண்டும். 1,000 டிகிரியை நெருங்கினால் தகடுகள் உருக்குலைந்து, கூழாங்கல்லால் உண்டாக்கிய மெருகு மங்கிவிடும். செங்காவி மெருகு குறைந்த சூட்டில் மட்டுமே உயிர்வாழும்.

புகை சூழ்ந்தால் என்ன ஆகும்? ஆக்சிஜன் போதாத நெருப்பிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு, ஹெமடைட்டிடமிருந்தே ஆக்சிஜனைப் பறிக்கும். சிவப்பு ஹெமடைட் கறுப்பு மேக்னடைட் ஆகிவிடும். கூடவே கரியும் துளைகளில் புகுந்துகொள்ளும். இதைக் குறை என்று எண்ணாமல் கலையாக்கியவர்கள் நம் முன்னோர். திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் வழியில் பட்டறைப்பெரும்புதூர் இருக்கிறது. 2015-16இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தபோது உறைகிணறோடு கறுப்பு-சிவப்புப் பானையோடுகளும் கிடைத்தன. உள்ளும் விளிம்பும் கறுப்பு, வெளி வயிறு சிவப்பு; இரண்டும் ஒரே மண், ஒரே சூளை. பாண்டத்தைக் கவிழ்த்து வைத்தால் உள்ளே காற்று புகாது, வாய் சாம்பலிலும் உமியிலும் புதைந்திருக்கும். அங்கே கறுப்பு. வெளியே காற்று தழுவும் இடத்தில் சிவப்பு. தூரிகை இல்லாமல் காற்றை வைத்தே வரைந்த ஓவியம் அது. உடைந்த தொட்டி ஓட்டின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் நீங்களும் இதைக் காணலாம்: இரு பக்கமும் சிவப்பு, நடுவில் சாம்பல் கறுப்பாக ஒரு கோடு. காற்று நடுவரை போய்ச் சேருவதற்குள் சூளை அணைந்துவிட்டது என்று பொருள்.

செங்காவிப் பூச்சுக்கும் கண்ணாடிப் பூச்சுக்கும் இடையில் ஒரு நூலிழை எல்லை உண்டு. அந்த எல்லையிலேயே நின்று கோலோச்சியவர்கள் ரோமானியர்கள். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் சிவப்புப் பாண்டங்களின் துண்டுகள் கிடைத்தன. இன்று பார்த்தாலும் மெழுகு தடவியது போல மின்னும் ஓடுகள். பார்த்தவர் யாரும் 'சிவப்பு கிளேஸ்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதுவும் களிமண் பூச்சுதான். வித்தியாசம், அவர்கள் தேர்ந்தெடுத்த களிமண்ணில். இல்லைட் என்ற அந்த வகையில் பொட்டாசியம் இயல்பாகவே கலந்திருக்கிறது. பொட்டாசியம் உருகுவதைத் துரிதப்படுத்தும். நுண்துகள், பொட்டாசியம், 1,000 டிகிரியை ஒட்டிய சூடு, நிறையக் காற்று: இவை சேரும்போது உடல் இன்னும் துளையுள்ள ஓடாக இருக்கையிலேயே தோல் மட்டும் பாதி உருகி இறுகிவிடுகிறது. அந்தப் பாதிக் கண்ணாடிக்குள் ஹெமடைட் நுண்படிகங்கள் தூவியிருக்கும். கல்லால் தேய்க்கத் தேவையே இல்லை. கேயோலினைட் என்ற இன்னொரு வகைக் களிமண் மிகுந்த மண்ணில் பொட்டாசியம் குறைவு. அதே வித்தையை அதில் காட்டினால் பலிக்காது. அங்கே கூழாங்கல்தான் கைகொடுக்கும்.

முழுக் கண்ணாடி வேண்டுமானால்? கண்ணாடி என்பது உருகி உறைந்த மணல். சுத்தமான சிலிக்கா உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்குள் பானை குழம்பாகிவிடும். ஆகவே சிலிக்காவை இளக்க ஒரு துணைப்பொருள் தேவை: சாம்பலில் உள்ள பொட்டாசியம், சோடா, சுண்ணாம்பு, ஈயம், போரான். திருவள்ளூர், ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் செங்கல் சூளைகளில் நெருப்பு வாய்க்கு அருகில் இருந்த கற்களைக் கவனித்தால் சிலவற்றின் முகத்தில் பச்சையும் கறுப்புமாகப் பளபளக்கும் ஒரு தோல் ஒட்டியிருக்கும். விலைபோகாத கல் என்று ஒதுக்கி வைப்பார்கள். பறந்து வந்த சாம்பல் செங்கல் முகத்தோடு கூடி உருகிய கண்ணாடி அது, அசல் கிளேஸ். சீனர்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்படிச் சாம்பல் விழுந்து மின்னிய பானைகளைக் கண்டு, தற்செயலைத் தொழிலாக்கிக்கொண்டார்கள்.

இங்கேதான் சிவப்பு முரண்டு பிடிக்கிறது. களிமண்ணில் அவ்வளவு எளிதாகக் கிடைத்த இரும்புச் சிவப்பு, உருகிய கண்ணாடிக்குள் போனதும் கரைந்துவிடும். கரைந்த இரும்பு தேன் நிறம் தரும். அதிகமானால் பழுப்பு, இன்னும் அதிகமானால் கறுப்பு. புகைச் சூளையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இரும்பு சீனத்தின் புகழ்பெற்ற இளம்பச்சையைத் தரும். சிவப்பு மட்டும் வராது. கண்ணாடி கொள்ளாத அளவு இரும்பைத் திணித்து, எலும்புச் சாம்பல் சேர்த்து, மெதுவாக ஆறவிட்டால், மிகுதி இரும்பு ஹெமடைட் படிகமாக மேற்பரப்பில் வந்து பூக்கும். தக்காளிச் சிவப்புக்கு அருகில் ஒன்று கிடைக்கும்.

பளிச்சென்ற சிவப்புக் கண்ணாடிக்குச் சீனர்கள் பிடித்தது செம்பை. சாதாரண நெருப்பில் செம்பு பச்சைதான் தரும். ஆக்சிஜனைப் பட்டினி போட்ட சூளையில் அது உலோகச் செம்பாகவே திரும்பி, பல பத்து நானோமீட்டர் அளவுத் துகள்களாகக் கண்ணாடிக்குள் தொங்கும். அந்தத் துகள்களின் எலக்ட்ரான்கள் பச்சை, மஞ்சள் ஒளியோடு சேர்ந்தாடி அதை விழுங்கிவிட, மிச்சம் இரத்தச் சிவப்பு. செம்பு அரை சதவீதம் போதும். ஆனால் காற்று சற்றுக் கூடினால் நிறமே ஓடிவிடும், துகள் சற்றுப் பெருத்தால் கல்லீரல் நிறம். மிங் பேரரசர் ஷுவான்டே காலத்தில் (1426-35) உச்சத்தில் இருந்த இந்த வித்தை பிறகு தேய்ந்து, 1700களின் தொடக்கத்தில் ஜியாங்ஸி ஆளுநர் லாங் டிங்ஜி காலத்தில்தான் மீண்டது. சீக்கிரம் ஏழையாக வேண்டுமென்றால் லாங் சிவப்பு சுடு என்று சீனர்கள் கேலியாகச் சொல்வதுண்டு. எத்தனை சூளை பாழானதோ! அமெரிக்காவில் 1936இல் வெளிவந்த ஃபீஸ்டா என்ற சாப்பாட்டுத் தட்டுகளின் சிவப்புக்கு யுரேனியம் சேர்த்தார்கள். உலகப் போரில் அரசாங்கம் யுரேனியத்தைக் கையகப்படுத்தியதும் அந்தச் சிவப்புத் தட்டும் நின்றது. இப்போதைய காபிக் கோப்பைகளின் சிவப்பு பெரும்பாலும் காட்மியமும் செலினியமும் சேர்ந்த சாயம். அதை சிர்க்கான் படிகக் கூட்டுக்குள் அடைத்து வைக்கிறார்கள். ஈயப் பூச்சு குறைந்த சூட்டிலேயே உருகும், அழகாக மின்னும். ஆனால் சரியாகச் சுடாத ஈயப் பூச்சுப் பாத்திரத்தில் புளிக்குழம்போ எலுமிச்சை ஊறுகாயோ வைத்தால் அமிலம் ஈயத்தைக் கரைத்துச் சோற்றோடு அனுப்பிவிடும். எந்த ஊர், எந்தப் பூச்சு என்று தெரியாத அலங்கார ஜாடியைச் சமையலறைக்குள் விடாமல் இருப்பது நல்லது.

இத்தனை தெரிந்த பிறகு, நம் குயவர்கள் ஏன் கண்ணாடிப் பூச்சுக்குப் போகவில்லை என்ற கேள்வி வருகிறது. தெரியாமலா? பழவேற்காடு இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டிய துறைமுகம். கண்ணாடிப் பூச்சுப் பாண்டங்கள் கீழைக் கடல் வழியாக அவர்களுக்கு முன்பிருந்தே வந்திருக்கின்றன. ராமநாதபுரம் பக்கம் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளம். பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்திலிருந்து வந்த பெருஞ்சாடிகளின் நினைவாக, இந்திக்காரர்கள் இன்றும் ஊறுகாய் ஜாடியை மர்த்தபான் என்கிறார்கள். வேலூர் பக்கம் கரிகிரியில் கண்ணாடிப் பூச்சுப் பாண்டம் செய்யும் மரபும் உண்டு. 1850இல் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் உள்ளூர் மண்களை வைத்துப் பீங்கான் சோதனைகள் செய்தார். புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறையில் 1,300 டிகிரிக்குச் சுட்ட பாண்டங்கள் உருவாயின. அங்கே பயின்றவர்கள் இன்று நாடெங்கும் இருக்கிறார்கள். வித்தை எட்டாத தூரத்தில் இருந்ததில்லை.

என் கணிப்பு இது: வெயில் ஊரில் பானைக்குக் கண்ணாடி பூசினால் பானையின் பாதி வேலை போய்விடும். துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டரில் 10 மில்லி ஆவியானால், வெளிச் சூடு உள்ளே வராதவரை, மீதித் தண்ணீர் 6 டிகிரி அளவுக்குக் குளிரும். சித்திரை மாதத்தில் இதைவிடப் பெரிய அழகு என்ன வேண்டும்? விறகும் ஒரு காரணம். கண்ணாடிப் பூச்சுக்குப் பெரும்பாலும் இரண்டு முறை சுட வேண்டும், சூடும் அதிகம் வேண்டும். பூச்சும் உடலும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்கவும் வேண்டும். பூச்சு அதிகம் சுருங்கினால் சிலந்தி வலையாகக் கீறிவிடும், குறைவாகச் சுருங்கினால் விளிம்பில் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஏரிக்கரை மண்ணோடு அந்தச் சம்மதத்தை உண்டாக்குவது எளிதல்ல. பத்து ரூபாய்ப் பானைக்கு இவ்வளவு பாடு யார் படுவார்?

மேஜைத் தடத்தைப் பார்த்த என் அம்மா, இந்த வேதியியல் எதையும் கேட்க நிற்கவில்லை. அலமாரியிலிருந்து உயரமான கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்து ஜாடிக்குள் இறக்கினாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றிச் சம்பங்கியைச் செருகினாள். "இப்ப கசியட்டும் பாப்போம்" என்றாள்.

கண்ணாடி உள்ளே, மண் வெளியே. நான்கு நாளாகக் கசியவில்லை.